மின்னஞ்சலில் சிவப்பு ஆச்சரியக்குறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில், சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் ஏற்றுமதித் தாள்களைக் கவனிப்பது என் வேலை. கே2 என்ற சுங்க ஏற்றுமதிப் பாரம், கொள்கலன் எண், கப்பலின் குளோசிங் நேரம் (சரக்கைச் சேர்க்கக் கடைசி நேரம்) என்று பகல் முழுதும் மின்னஞ்சலோடுதான் போகும். எங்களிடம் ஐடி ஆள் என்று தனியாக யாரும் இல்லை. அவுட்லுக் என்ற மின்னஞ்சல் நிரலில் எது புரியாவிட்டாலும் என் மேசைக்கு வந்து கேட்பார்கள். அதிகம் கேட்கப்பட்டது, "அவசரம்" என்று அனுப்புபவரே குறி போடும் வசதியைப் பற்றி. அது இருக்கலாமா, கூடாதா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாக்குவாதமே நடந்திருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கும் தங்கை, தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருக்கும் நண்பர் ஆகியோர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எந்தக் குறியைச் சொல்கிறீர்கள்?

அவுட்லுக்கில் புதுக் கடிதம் எழுதும்போது ஒரு சிவப்பு ஆச்சரியக்குறியும், கீழே பார்க்கும் ஒரு நீல அம்பும் கிடைக்கும். சிவப்பைத் தொட்டால் "இது முக்கியம்" என்று பொருள், நீலத்தைத் தொட்டால் "இது மெதுவாகப் பார்த்தால் போதும்" என்று பொருள். தண்டர்பேர்டு என்ற நிரலில் மிக உயர்ந்தது முதல் மிகத் தாழ்ந்தது வரை ஐந்து படிகள் உண்டு. மேக் கணினியின் ஆப்பிள் மெயிலில் மூன்று. பெறுபவரின் நிரல் அதைக் காட்டக்கூடியதாக இருந்தால், அவருடைய பட்டியலில் கடிதத்தின் பக்கத்தில் அந்தக் குறி தெரியும்.

குறி போட்டால் கடிதம் சீக்கிரம் போய்ச் சேருமா?

சேராது. பலர் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீசிலேயே ஒருவர் இணையம் மெதுவாக இருக்கும் நாள்களில் எல்லாவற்றுக்கும் சிவப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி கூடுகிறது, அவ்வளவுதான் நடப்பது. வழியில் இருக்கும் சர்வர்கள் வழக்கமாக அந்த வரியைப் பார்த்து வரிசையை மாற்றுவதில்லை. கடிதம் ஐந்து நொடியில் போவதும் ஐந்து நிமிடம் தாமதிப்பதும் வேறு காரணங்களால்.

உண்மையாகவே சர்வருக்குள் முன்வரிசை கொடுக்கும் முறை ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6710 என்ற ஆவணம் (இணையத்துக்கான விதிமுறை ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்), கடிதத்துக்குக் கழித்தல் 9 முதல் 9 வரை ஒரு எண்ணைக் கொடுத்து, எண் பெரிதாக இருந்தால் முதலில் அனுப்பச் சொல்கிறது. இராணுவம், பேரிடர் உதவி போன்ற வலையமைப்புகளை மனத்தில் வைத்து எழுதியது அது. நம் அவுட்லுக் சிவப்புக் குறிக்கும் அதற்கும் உறவில்லை.

அப்படியென்றால் இந்தக் குறியை யார் கொண்டுவந்தது?

மின்னஞ்சலின் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று 1982-இல் ஆர்எஃப்சி 822 வகுத்தபோது அவசரத்துக்கென்று ஒரு வரியும் அதில் வைக்கவில்லை. 1984-இல் தந்தி, தொலைபேசி நிர்வாகங்களின் உலக அமைப்பு எக்ஸ்.400 என்று வேறொரு மின்னஞ்சல் முறையை வெளியிட்டது. தந்தி நடத்திப் பழகியவர்களின் கை அதில் தெரியும். அவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்தார்கள். கடிதத்தை எவ்வளவு வேகமாகச் சுமக்க வேண்டும் என்பது ஒன்று. படிப்பவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது இன்னொன்று. எக்ஸ்.400-க்கும் இணைய மின்னஞ்சலுக்கும் பாலம் போட எழுதப்பட்ட ஆவணங்கள் வழியாக இந்த இரண்டும் இணைய மின்னஞ்சலின் தலைப்பு வரிகளாக நுழைந்தன; 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2156 அவற்றில் ஒன்று. இதற்கிடையில் மின்னஞ்சல் நிரல்கள் தாமாகவே "எக்ஸ்-பிரையாரிட்டி" என்று 1 முதல் 5 வரை எண் போட ஆரம்பித்திருந்தன. அதற்குப் பின்னால் எந்தத் தரநிலையும் இல்லை.

இரண்டாகப் பிரித்து வைத்ததை நம் திரையில் ஒரே சிவப்புக் குறியாக ஒட்டிவிட்டார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

முக்கியமும் அவசரமும் ஒன்றுதானே?

இல்லை. ஆண்டு வரிக்கணக்கு முக்கியம், ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அது அவசரமில்லை. மதியம் பன்னிரண்டுக்குள் சொன்னால்தான் கேட்டரிங்காரர் சாப்பாட்டு எண்ணிக்கையைத் திருத்துவார் என்பது அவசரம், ஆனால் யாருடைய வாழ்க்கையும் அதில் இல்லை. எங்கள் அரசாங்க ஆபீஸ்களில் கோப்பின் மேல் "செகெரா" என்று முத்திரை குத்துவார்கள், உடனடி என்று பொருள். "சூலிட்" என்ற முத்திரை தனி, அது இரகசியம். ஒரே முத்திரையில் இரண்டையும் யாரும் குத்துவதில்லை. மின்னஞ்சல் நிரலோ முக்கியம், அவசரம், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது", "நேற்றே கேட்டேனே" ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தானைக் கொடுக்கிறது.

சரி, அனுப்புபவருக்கு அந்தப் பொத்தான் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

இருக்கட்டும் என்பது என் பதில். ஆனால் இப்போது இருப்பதுபோல் இருக்கக்கூடாது.

ஏன் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். கெடு எப்போது முடிகிறது என்பது பல நேரம் அனுப்புபவருக்கு மட்டுமே தெரியும். ஒரு கப்பல் வடக்கு பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு வருகிறது என்றால் அதற்கு வரிசையாகக் கெடுக்கள் உண்டு. ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற சரக்கு விவரத் தாள் இத்தனை மணிக்குள், கொள்கலன் முனையத்தின் கேட்டுக்குள் இத்தனை மணிக்குள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கொள்கலனின் சரிபார்த்த எடையைத் தராமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற உலக விதியும் சேர்ந்துகொண்டது. இந்த நேரங்கள் மாறும். மாறினால் அதை முதலில் அறிபவர் கப்பல் ஏஜெண்டு. நான் என் பட்டியலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அவர் சொல்லாமல் எனக்குத் தெரிய வழியில்லை. அவருக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும்.

இப்போது மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் எது அனுப்பினாலும் சிவப்புக் குறியோடுதான் அனுப்புவார். நன்றி சொல்லும் கடிதத்துக்கும் சிவப்பு. அன்று காலையில் மட்டும் பதினான்கு வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, குறி எதுவும் இல்லாமல், மாலை ஐந்துக்கு இருந்த குளோசிங் மதியத்துக்கு முன்வந்துவிட்டது என்று ஏஜெண்டின் கடிதம் கிடந்தது. நான் அதைத் திறந்தபோது மணி ஒன்றரை. பெட்டி அந்தக் கப்பலைப் பிடிக்கவில்லை. அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிப்போனது, இடைப்பட்ட நாள்களுக்கு வாடகையும் ஏறியது. பதினான்கு சிவப்புக் கடிதங்களில் ஒன்றுகூட அன்றைக்குள் முடிக்க வேண்டியதாக இல்லை. அந்த வாடிக்கையாளர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு எல்லாமே அவசரமாகத்தான் தோன்றியிருக்கும்.

"புலி வருது" கதையில் பையன் வேண்டுமென்றே ஏமாற்றினான். மின்னஞ்சலில் யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. நூறு பேர் தங்கள் தங்கள் புலியைப் பார்த்து உண்மையாகவே கத்தினாலும், கேட்பவரின் காது ஒன்றுதான்.

ஆகவே அனுப்புபவர் சொல்லட்டும். ஆனால் "அவசரம்" என்று சொல்லக்கூடாது. எத்தனை மணிக்குள் என்று சொல்லட்டும். அது அவசரமா இல்லையா என்பதை என் மேசையில் வேறு என்னென்ன கிடக்கிறது என்று தெரிந்த நான் முடிவு செய்கிறேன்.

முடிவை ஏன் பெறுபவரிடம் விட வேண்டும்? தேவை யாருக்கோ அவருக்குத்தானே வலி தெரியும்?

பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்கு சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம், பச்சை மண்டலம் தெரியும். மூன்று மணி நேரம் பச்சை மண்டலத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவர்களும் நம்மில் இருக்கிறோம். அங்கே எந்த மண்டலம் என்று தீர்மானிப்பது நோயாளி இல்லை, வாசலில் பரிசோதிக்கும் ஊழியர். நோயாளி தன் வலியைச் சொல்வார், எப்போது ஆரம்பித்தது என்று சொல்வார், அதை அவர் மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் உள்ளே ஏற்கெனவே எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வருகிறவரே தன் கையில் வண்ணப்பட்டை கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அரைமணி நேரத்தில் எல்லாப் பட்டையும் சிவப்பாகிவிடும். அதில் முதலில் பாதிக்கப்படுபவர் நெஞ்சுவலியோடு பேச முடியாமல் வந்தவர்தான்.

ஜிமெயிலில் அந்தக் குறியைக் காணோமே?

ஜிமெயில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அனுப்புபவருக்கு அவசரப் பொத்தான் கொடுக்கவில்லை. 2010-இல் "பிரையாரிட்டி இன்பாக்ஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்து, நீங்கள் யாருக்குப் பதில் எழுதுகிறீர்கள், எதைத் திறக்கிறீர்கள் என்று பார்த்து, முக்கியமானவை என்று தானே ஊகித்து மஞ்சள் குறி போடுகிறது. ஆப்பிள் 2012-இல் "விஐபி" பட்டியல் கொடுத்தது. யார் அதில் இருக்கலாம் என்பதைப் பெறுபவரே தேர்ந்தெடுப்பார்.

இரண்டுமே பாதித் தீர்வு. என் அனுபவத்தில் ஊகிக்கும் இயந்திரம் பழைய பழக்கத்தை நன்றாகக் கண்டுபிடிக்கிறது, புதிதாக வருவதைத் தவறவிடுகிறது. முதல்முறையாக எழுதும் புதிய ஏஜெண்டு, முதல்முறையாக நேரம் மாறிய கப்பல், இவற்றுக்குப் பழைய தடயமே இருக்காது.

தந்திக் காலத்தில் மட்டும் எப்படிச் சரியாக நடந்தது?

தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. விரைவுத் தந்திக்கு இன்னும் கூடுதல். ஊரிலிருந்து தாத்தாவுக்குத் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார் என்று அப்பா சொல்வார். அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா காசு செலவழித்துத் தந்தி அடிக்கமாட்டார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும். இந்தியாவில் 2013 ஜூலையோடு அந்தச் சேவையே நின்றுவிட்டது.

அஞ்சலட்டையிலும் குறி உண்டு. நல்ல செய்தி என்றால் ஓரத்தில் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கறுப்பு மை. அதைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. இந்தக் குறிக்குக் காசு கிடையாது, ஆனாலும் யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. கடன் கேட்டு எழுதும் கடிதத்தை உடனே திறக்க வேண்டும் என்பதற்காக ஓரத்தில் கறுப்புப் பூசியவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பூசினால் அந்த மனிதரின் பெயர் ஊரில் என்ன ஆகும்? ஒருபக்கம் காசு, இன்னொரு பக்கம் மானம். சிவப்புப் பொத்தானுக்கு இரண்டும் இல்லை. தொட்டால் போதும், அனுப்புபவர் எதையும் இழப்பதில்லை, இழப்பு முழுக்கப் படிப்பவருக்கு.

அப்படியானால் சிவப்புக் குறிக்குக் காசு வாங்கலாமா?

மின்னஞ்சலுக்கு ஏதாவது விலை வைக்க வேண்டும் என்ற யோசனை பழையது. 1997-இல் ஆடம் பேக் முன்வைத்த "ஹேஷ்கேஷ்" அப்படிப்பட்டது: ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புபவரின் கணினி சிறிது நேரம் கணக்குப் போட்டு உழைக்க வேண்டும். ஒன்றிரண்டு கடிதம் அனுப்புபவருக்கு அது உறைக்காது, இலட்சக்கணக்கில் குப்பை அனுப்புபவருக்கு உறைக்கும். அந்த யோசனை மின்னஞ்சலில் வேரூன்றவில்லை, பின்னாளில் பிட்காயினில் பயன்பட்டது.

காசு என்று வைத்தால் பெரிய கம்பெனி கொடுத்துவிட்டுப் போய்விடும். செபராங் பிறையில் கேக் செய்து விற்கும் அக்காவால் முடியாது. எண்ணிக்கை வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு மாதத்துக்கு மூன்று சிவப்புக் குறி. நான்காவதைத் தொட்டால் நிரல் தடுக்க வேண்டாம், "இவருக்கு இந்த மாதம் மூன்று அனுப்பிவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லட்டும். எங்கள் வாடிக்கையாளருக்கு அந்த வியாழக்கிழமை காலை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவரே கையை எடுத்திருப்பார்.

நீல அம்பை யாராவது பயன்படுத்துகிறார்களா?

மிகக் குறைவு, எனக்கு அதில் பெரிய வருத்தம். இரண்டு குறிகளில் நம்பத் தகுந்தது நீலம்தான். "என் கடிதம் முக்கியமில்லை" என்று பொய் சொல்ல யாருக்கும் காரணம் கிடையாது. நீல அம்போடு வருவதை வெள்ளிக்கிழமை மாலை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நிம்மதியாக ஒதுக்கிவைக்கலாம். என் நேரத்தை மிச்சப்படுத்தியவர் என்று அந்த மனிதர் மேல் மரியாதையும் வரும். எங்கள் ஆபீசில் இப்போது கூட்டக் குறிப்பு, விடுமுறைப் பட்டியல், தீபாவளி உபசரிப்புப் பணம் கட்டியவர் பட்டியல் எல்லாவற்றுக்கும் நீலம் போடுகிறோம். ஒரு மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சிவப்பைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் மன்றாட வேண்டியிருக்கவில்லை, நீலத்தைக் கூட்டச் சொன்னோம், சிவப்பு தானே குறைந்தது.

"உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே சொடுக்குங்கள்" என்று சிவப்புக் குறியோடு வருகிறதே?

சொடுக்காதீர்கள். அவசரப்படுத்துவதுதான் மோசடிக்காரனின் முழு வித்தை. வங்கி, வருமான வரி, கூரியர், போலீஸ் என்று பெயர் மாறும், "இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள்" என்பது மாறாது. யோசிக்கவும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் நேரம் கொடுத்தால் நாம் விழமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். பதறாத காரியம் சிதறாது என்று அம்மா சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் அவசரக் குறியை நிரல் காட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் ஒருமுறையாவது பதில் எழுதியவருக்குத்தான் என் திரையில் சிவப்புப் போடும் உரிமை. தெரிந்தவர் பெயரிலேயே வந்தாலும், பணம் அனுப்பச் சொல்லும் கடிதமாக இருந்தால், அதிலும் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று சொன்னால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். கடிதத்தின் கீழே இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உங்கள் வங்கிக்கும், 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எங்கள் முதலாளி எல்லாவற்றுக்கும் சிவப்புப் போடுகிறார். எப்படிச் சொல்வது?

குறியைப் பற்றிப் பேசாதீர்கள், வரிசையைப் பற்றிக் கேளுங்கள். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு முதலாளியிடம் போய், "போஸ், இன்னைக்கு உங்ககிட்டேர்ந்து ஆறு வந்திருக்கு. ஆறும் முடியாது. எந்த ரெண்ட முதல்ல முடிச்சுத் தரட்டும்?" என்றார். முதலாளி கோபிக்கவில்லை, இரண்டைச் சொன்னார். மூன்றாம் நாளும் அதேபோல் போய் நின்றபோது முதலாளியே, "சரி, நானே நம்பர் போட்டு அனுப்புறேன்" என்றுவிட்டார். மூத்தவர்களிடம் "நீங்கள் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள்" என்று சொல்லி எதுவும் நடக்காது. தங்கள் சொல்லுக்குப் பலம் குறைகிறது என்பது தெரிந்தால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

விடுமுறை நாளில் சிவப்புக் குறியோடு வந்தால் பதில் எழுத வேண்டுமா?

முதலில் ஒரு விஷயம். பினாங்கில் இருக்கும் நமக்கு ஞாயிறு விடுமுறை. பாலம்கூடத் தாண்ட வேண்டாம், பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் கெடா, அங்கே அரசாங்க ஆபீஸ்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் நாம் பால்குடத்தோடு நிற்கும்போது, அது விடுமுறையாக இல்லாத மாநிலத்திலிருந்து ஒருவர் ஒன்றும் அறியாமல் "இன்றைக்குள்" என்று எழுதுவார். ரோட்டர்டாமில் இருப்பவரின் "இன்று மாலை" நமக்கு நள்ளிரவு. "இன்று", "நாளை", "உடனே" என்ற மூன்று சொற்களும் அனுப்புபவரின் ஊரைச் சேர்ந்தவை. தேதியும் மணியும் ஊரும் எழுதினால்தான் பெறுபவருக்குப் புரியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. பிரான்ஸ் 2017 முதலே வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் வைத்திருக்கிறது, ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் வைத்தது. நமக்கும் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை ஆபீசுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: விடுமுறையில் மின்னஞ்சல் பார்க்கமாட்டோம், கப்பல் விஷயம் என்றால் அழைக்கவும், முறை வைத்து ஒருவர் போன் எடுப்பார். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அந்த ஒருவருக்கு மறுவாரம் அரைநாள் ஓய்வு.

ஆபீஸ் அரட்டை நிரலான மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் "அர்ஜென்ட்" போடலாமே?

போடலாம், ஆனால் தெரிந்து போடுங்கள். அதில் அவசரம் என்று அனுப்பினால், எதிரில் இருப்பவர் பார்க்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடங்களுக்கு மணி அடிக்கும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை, இழவு வீட்டில் இருப்பவரை அது பத்து முறை தொந்தரவு செய்யும். மின்னஞ்சலின் சிவப்புக் குறியைவிட ஒருவிதத்தில் இது நேர்மையானது, ஏனென்றால் அனுப்புபவர் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். பெரும்பாலானோர் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு தொடுவதில்லை.

படித்ததற்கு ரசீது கேட்டால்?

பெறுபவர் மறுக்கலாம், நிரலே அனுப்பாமலும் இருக்கலாம். ரசீது வந்தாலும் திறந்தார் என்றுதான் பொருள், செய்தார் என்று பொருளில்லை. நான் கேட்பதில்லை.

உண்மையிலேயே தலைபோகிற விஷயம் என்றால்?

போன் பண்ணுங்கள். எடுக்கவில்லை என்றால் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி போட்டுவிட்டு மறுபடி அழையுங்கள். பிறகு மின்னஞ்சலில் விவரம் அனுப்புங்கள், பின்னாளில் தேட உதவும். உயிர் விஷயம் என்றால் 999.

அப்படியானால் மின்னஞ்சலை எப்படி எழுதினால் சீக்கிரம் கவனிப்பார்கள்?

பொருள் வரியில் கெடுவை எழுதுங்கள். "அர்ஜென்ட்!!! ப்ளீஸ் ரிப்ளை" என்று வருவதையும் "எடைச் சான்று தேவை, புதன் 14-ஆம் தேதி மதியம் 12-க்குள், தவறினால் பெட்டி ஏறாது" என்று வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் என்ன வேண்டும், எப்போது வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்று மூன்றும் இருக்கின்றன. அதைப் படித்தவருக்குக் குறியே தேவையில்லை. கெடு எது என்று யோசித்தும் எழுத வரவில்லை என்றால், அந்தக் கடிதம் அவசரமானது இல்லை. தங்கையிடம் இதைச் சொன்ன பிறகு, தான் சிவப்புப் போட நினைத்ததில் பாதிக்கு எழுதுவதற்கு ஒரு கெடுவே கிடைக்கவில்லை என்றாள்.

எனக்கு வரும் சிவப்புக் குறிகளை நானே அணைக்க முடியுமா?

கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் முடியும். விதிகள் பகுதியில், உயர் முக்கியத்துவக் குறியோடு வரும் கடிதத்தைச் சாதாரணமாக மாற்று என்று ஒரு விதி எழுதி, நான்கைந்து பேரை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். எனக்கு இப்போது மூன்று கப்பல் ஏஜெண்டுகளின் சிவப்பும், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் சிவப்பும் மட்டுமே தெரியும். மற்றவர்களின் கடிதமும் வந்து சேருகிறது, குறி மட்டும் கழன்றுவிடுகிறது. யாருக்கும் அது தெரியவும் தெரியாது, மனத்தாங்கலும் இல்லை.

நிரல் எழுதுபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?

"ரிப்ளை-பை" வரியைக் கேட்பேன். இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமும் ஆதங்கமும் ஒன்றாக வந்தன. நான் இவ்வளவு நேரம் வேண்டும் வேண்டும் என்று சொன்னது ஏற்கெனவே இருக்கிறது. சிவப்புக் குறியின் வரி இருக்கும் அதே 1998-ஆம் ஆண்டு ஆவணத்தில், எந்தத் தேதி எந்த மணிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லும் ஒரு வரியும் இருக்கிறது. கடிதம் எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் வரியும் இருக்கிறது. சிவப்புப் பொத்தானை முன்னால் வைத்துவிட்டு, இவற்றை உள்ளே எங்கோ போட்டுவிட்டார்கள்.

சிவப்பைத் தொட்டவுடன் ஒரு சிறு நாள்காட்டி திறக்கட்டும். தேதியும் மணியும் போடாமல் குறி ஒட்டக்கூடாது. நான் பினாங்கில் உட்கார்ந்து படித்தால் பினாங்கு நேரத்தில் காட்டட்டும். "இன்னும் மூன்று மணி நேரம்" என்று குறைந்துகொண்டே வரட்டும். எவ்வளவு மணி நேரத்துக்கு முன் எனக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை நானே வைத்துக்கொள்வேன். கெடு முடிந்ததும் சிவப்பு அணைந்துவிடட்டும். என் பழைய கோப்புறையில் ஏழெட்டு வருடத்துக்கு முன் போன கப்பல்களின் கடிதங்கள் இன்றும் சிவப்பாக நிற்கின்றன. தேடும்போதெல்லாம் ஒரு கணம் நெஞ்சு திக்கென்கிறது.

குறியை அடியோடு எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

எடுத்துவிட்டால் பொருள் வரியில் எழுதுவார்கள், பெரிய எழுத்தில், மூன்று ஆச்சரியக்குறியோடு. அதை விதி வைத்துக் கழற்றவும் முடியாது.